பயம் சட்டமாகும்போது

‘ஹேக்கர்கள் அசகாய சூரர்கள், அரசின் கையில் கூடுதல் அதிகாரம் இருந்தால்தான் தப்பிக்கலாம்’ என்ற வாதம் பிரிட்டனில் நெடுங்காலமாக ஓய்ந்தபாடில்லை. இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று ஆராய்ந்தவர் லீட்ஸ் பல்கலைக்கழகக் குற்றவியல் பேராசிரியர் டேவிட் வால். 2008-இல் வெளியான அவரது கட்டுரை, இதன் வேரை அறிவியல் புனைகதைகளிலும் சினிமாவிலும் கண்டது. ராணுவக் கணினிக்குள் ஒரு சிறுவன் நுழைவதைக் காட்டிய, 1983-இல் வந்த ‘வார் கேம்ஸ்’ படத்தைப் பார்த்த அமெரிக்க அதிபர் ரீகன், இப்படி நடக்குமா என்று படைத் தலைமைத் தளபதியிடம் விசாரித்தார். மறு ஆண்டே கணினிப் பாதுகாப்பு ஆணையில் கையெழுத்திட்டார்.

சரி, ஹேக்கர்களின் சூரத்தனத்துக்கு வருவோம். பிரிட்டன் 1990-இல் கணினி முறைகேட்டுச் சட்டம் இயற்றக் காரணமானது ராபர்ட் ஷிஃப்ரீன், ஸ்டீபன் கோல்ட் இருவர்மீதான வழக்கு. ப்ரெஸ்டெல் என்ற தகவல் சேவைக்குள் நுழைந்து இளவரசர் ஃபிலிப்பின் அஞ்சல் பெட்டிவரை போனவர்கள் இவர்கள். ஷிஃப்ரீனுக்கு முதலில் கிடைத்த பொறியாளர் கணக்கின் பயனர் எண் முழுக்க இரண்டுகள், கடவுச்சொல் 1234. இதற்கு மேதைமை எதற்கு?

2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் மென்பொருள்) தாக்கி, பிரிட்டன் அரசு மருத்துவமனைகளில் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் சிகிச்சை தள்ளிப்போனது. அதைத் தடுக்கும் மென்பொருள் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அடிப்படைப் பாதுகாப்பைச் செய்திருந்தாலே தடுத்திருக்கலாம் என்று நாட்டின் தணிக்கை அலுவலகம் எழுதியது. அந்தத் தாக்குதல் நுழைந்த ஓட்டையை அமெரிக்க உளவு அமைப்பு என்எஸ்ஏ முன்பே கண்டுபிடித்து, தன் உளவு வேலைக்காக ரகசியமாக வைத்திருந்தது. அது செய்த கருவிதான் கசிந்து குற்றவாளிகள் கைக்குப் போனது. கூடுதல் அதிகாரம் காப்பாற்றும் என்பவர்கள் இதற்கு என்ன பதில் சொல்வார்கள்? நோயாளிகளைத் தவிக்கவிட்ட ஆயுதம் ஓர் அரசின் பட்டறையில் உருவானது.

ஒரே அடியில் நாடு முடங்கும் என்ற மிரட்டலும் உண்மையான சேதத்தை மறைக்கிறது. ஒரு வங்கியில் 5 கோடி பவுண்டு திருடுவதைவிட 5 கோடிப் பேரிடம் ஆளுக்கு ஒரு பவுண்டு திருடுவது எளிது என்கிறார் வால். ஒரு பவுண்டு போனதற்கு யார் புகார் கொடுப்பார்கள்? கொடுத்தாலும் எந்தக் காவல் நிலையம் துரத்தும்? சிதறிக்கிடக்கும் சிறு புகார்களைச் சேர்த்துப் பார்க்க ஆள் வேண்டும். அந்த வேலைக்குப் பணம் ஒதுக்குவது தலைப்புச் செய்தி ஆவதில்லை.

சைபர் குற்றமே கற்பனை என்று வால் சொல்லவில்லை. பின்னாளில் ரான்சம்வேரை விரிவாக ஆராய்ந்தவரே அவர்தான். அளவு தெரியாத பயத்தை வைத்துச் சட்டம் எழுதக்கூடாது என்பதே வாதம்.

சைபர் ஆபத்தைச் சொல்லி அடுத்த மசோதா வரும்போது, நடந்த குற்றங்களில் எதை இது தடுத்திருக்கும் என்று உங்கள் பிரதிநிதியிடம் கேளுங்கள். பதில் வராவிட்டால் எதிர்த்து நில்லுங்கள்.