ஒரு ராத்திரி பொறுத்தால் போதும்

நியூயார்க் சுரங்க ரயில் பெட்டிகள் 1970களில் உள்ளும் புறமும் ஸ்பிரே பெயின்ட் கிறுக்கல்களால் நிறைந்திருந்தன. அதை அழிக்க 1977இல் ரயில் நிர்வாகம் கோனி ஐலண்ட் பணிமனையில் பெரிய ரசாயனக் கழுவுநிலையம் ஒன்றை அமைத்தது. கிறுக்கும் இளைஞர்கள் அதற்கு 'பஃப்' என்று பெயர் வைத்தார்கள். பெட்டி உள்ளே நுழைந்ததும் வீரியமான கரைப்பானைப் பீய்ச்சித் தேய்த்துக் கழுவி வெளியே விடுவார்கள். எழுத்து முழுசாகப் போகவில்லை; மங்கலான அழுக்குத் திட்டாகப் படிந்து நின்றது. நெடி மட்டும் தாராளமாகப் பரவியது. பக்கத்துப் பள்ளியிலிருந்துகூட மூச்சுத் திணறல் புகார்கள் வந்தன.

கிறுக்கலை ஒழித்தது அந்த ரசாயனம் அல்ல. 1984இல் டேவிட் கன் தலைமைப் பொறுப்புக்கு வந்த பிறகு முறையே மாறியது. சுத்தம் செய்த பெட்டியில் யாராவது எழுதினால், அதைத் துடைக்கும்வரை அந்தப் பெட்டி ஓடாது. 1989 மே 12 அன்று கடைசிக் கிறுக்கல் ரயிலும் ஓட்டத்திலிருந்து எடுக்கப்பட்டது. உடனே துடைப்பதில் ஒரு வசதி உண்டு: அடித்துச் சில மணி நேரமே ஆன பெயின்ட் இன்னும் இறுகியிருக்காது. மிதமான கரைப்பானுக்கே இளகிவிடும். மாதக்கணக்கில் வெயிலில் காய்ந்து, மேலுக்கு மேல் ஏறிய பூச்சுதான் கடுமையான மருந்தைக் கேட்கும்.

அந்தக் கடும் மருந்துகளில் முதலில் நிற்பது டைகுளோரோமீத்தேன். மெத்திலீன் குளோரைடு என்றும் சொல்வார்கள். இதன் மூலக்கூறு மிகச் சிறியது. பூச்சுக்குள் சட்டென்று புகுந்து அதை உப்ப வைத்து, ஒட்டியிருந்த இடத்திலிருந்து கிளப்பிவிடும். பத்து, பதினைந்து நிமிடத்தில் பழைய எனாமல் எண்ணெயில் போட்ட அப்பளம்போலப் பொங்கி எழும். ஸ்கிரேப்பரை வைத்துத் தள்ளினால் சுருண்டு வரும். வேலை பார்ப்பவர் இந்த வேகத்துக்கு மயங்குவது இயல்பு.

ஆனால் அதே வேகத்தில் அது நுரையீரலுக்குள்ளும் போகிறது. முதலில் மயக்க மருந்துபோல மூளையை மந்தமாக்குகிறது. உடலுக்குள் சென்ற பிறகு அதில் ஒரு பகுதி கார்பன் மோனாக்சைடாக மாறி, ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க விடாமல் தடுக்கிறது. இதய நோயுள்ளவருக்கு இது இரட்டை ஆபத்து. ஆவி காற்றைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு கனமானது. அதனால் தரையிலும் தொட்டிக்குள்ளும் தேங்கி நிற்கும். அமெரிக்காவில் குளியல் தொட்டிகளின் பழைய பூச்சை உரித்துப் புதுப்பிக்கும் தொழிலாளர்களில் 13 பேர், 2000 முதல் 2011 வரையிலான காலத்தில் மட்டும், இதைச் சுவாசித்து இறந்ததாக அந்நாட்டுச் சுகாதாரத் துறை அறிக்கை பதிவு செய்தது. சன்னல் இல்லாத சின்னக் குளியலறை, தொட்டிக்குள் குனிந்த தலை, கையில் பிரஷ். அவ்வளவுதான் நடந்தது. 1980 முதல் 2018 வரை அந்நாட்டில் இந்த ஒரே பொருளால் நேர்ந்த 85 மரணங்களைப் பின்னால் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. பெரும்பாலானவர்கள் வேலை செய்துகொண்டிருந்தபோது செத்தவர்கள்.

இங்கே இன்னொன்றையும் சேர்த்து யோசிக்க வேண்டும். இந்தத் திரவத்தின் கொதிநிலை ஏறத்தாழ 40 டிகிரி செல்சியஸ். வேலூரிலோ திருச்சியிலோ அக்னி நட்சத்திரத்து மத்தியானம் அதைத் தாண்டிவிடும். டப்பாவைத் திறந்து வைத்தாலே ஆவியாகும் பொருளை, மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு சமாளிக்க முடியாது. சாதாரண ரப்பர் கையுறையையும் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும். அமெரிக்கத் தொழிலிட வரம்பு காற்றில் பத்து லட்சத்தில் 25 பங்கு. வாசனை மூக்குக்குத் தெரிவதற்குள் அந்த அளவு கடந்திருக்கும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் முடிவெடுத்து, அடுத்த சில ஆண்டுகளில் இது கலந்த பெயின்ட் ரிமூவர்களைப் பொதுமக்களுக்கு விற்பதை நிறுத்தியது. அமெரிக்கா 2019இல் வீட்டு உபயோகத்துக்குத் தடை போட்டது. 2024இல் பெரும்பாலான தொழில் உபயோகத்துக்கும் அதை நீட்டியது. பிள்ளைகளையும் சகோதரர்களையும் பறிகொடுத்த குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் போராடிய பிறகுதான் அது நடந்தது.

மாற்று இல்லையா? இருக்கிறது, நன்றாகவே வேலை செய்கிறது. வாசனைத் திரவியங்களிலும் சில ஊசி மருந்துகளிலும் சேர்க்கப்படும் பென்சைல் ஆல்கஹால் அவற்றில் ஒன்று. இதைக் கூழாகச் செய்து கதவில் தடிமனாகப் பூசி, மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டி, ராத்திரி முழுக்க விட்டுவிட்டால் காலையில் பூச்சு இளகியிருக்கும். எளிதில் ஆவியாகாது, எளிதில் தீப்பிடிக்காது. சோயா எண்ணெயிலிருந்து எடுக்கும் எஸ்டர்கள், டைபேசிக் எஸ்டர்கள் ஆகியவையும் இதே பொறுமைசாலி வகை. இவற்றுக்கும் கையுறை வேண்டும், காற்றோட்டம் வேண்டும். ஆனால் தவறு செய்தால் உயிரோடு திருத்திக்கொள்ள நேரம் கிடைக்கும்.

'பாதுகாப்பானது' என்று டப்பாவில் அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பிவிடக் கூடாது. டைகுளோரோமீத்தேனுக்கு மாற்றாக வந்த என்.எம்.பி. என்ற கரைப்பான் வயிற்றிலுள்ள சிசுவைப் பாதிக்கும் என்று பின்னால் தெரியவந்தது. அசிட்டோன், டொலுயீன் கலவைகள் ஒரு தீப்பொறியில் பற்றிக்கொள்ளும். ஆரஞ்சுத் தோலிலிருந்து எடுக்கும் லிமோனீன் மணமாக இருக்கும். சிலருக்குத் தோலில் ஒவ்வாமையும் தரும்.

ஒப்பந்ததாரர்கள் சொல்லும் மறுப்பு நியாயமானதுதான்: மெதுவான மருந்துக்கு விலை கூடுதல், சாரம் ஒரு நாள் சும்மா நிற்கும். அந்தச் செலவை வேலை கொடுப்பவர்தான் ஏற்க வேண்டும், தினக்கூலி வாங்கும் பெயின்டரின் நுரையீரல் அல்ல. கூடுதல் லாபமும் இதில் உண்டு. வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய கதவு, கிரில்களை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் ஈயத் தூசி வீட்டுக் குழந்தைகள்வரை போகும். கூழ் பூசி எடுத்தால் பூச்சு ஈரமாகவே சுருண்டு வரும்.

தமிழ்நாட்டில் சுவர்களை அலங்கோலமாக்குவதைத் தடுக்க 1959 முதலே சட்டம் இருக்கிறது. எழுதியதை எதைக் கொண்டு அழிப்பது என்ற கேள்விக்கு அப்படிக் கவனம் கிடைத்ததில்லை. அவசரம் என்ன செய்யும் என்பதைக் கோயில்களில் பார்த்தாகிவிட்டது. கற்சுவர்களில் படிந்த சுண்ணாம்பையும் பெயின்ட்டையும் நீக்க மணலை விசையோடு வீசியடித்ததில், நூற்றாண்டுகள் நின்ற கல்வெட்டு எழுத்துகள் மழுங்கிப்போயின.

ஹார்டுவேர் கடைகளில் விற்கும் ஒவ்வொரு ரிமூவர் டப்பாவிலும் உள்ளே இருக்கும் கரைப்பானின் பெயர் தமிழில், கண்ணுக்குத் தெரியும் அளவில் இருக்க வேண்டும். டைகுளோரோமீத்தேன் கலந்ததைச் சில்லறையில் விற்கவே கூடாது. சட்டம் வரும்வரை மாநகராட்சிகளும் பொதுப்பணித் துறையும் காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த டெண்டரிலேயே டைகுளோரோமீத்தேனும் என்.எம்.பி.யும் கூடாது என்று ஒரு வரி சேர்க்கலாம். கூடவே, வேலை முடிக்கும் கெடுவில் ஒரு நாள் கூட்டிக் கொடுக்க வேண்டும்.