பிரச்சனை 3 பென்ஸ் இல்ல!

ஜூலை 4, அமெரிக்க விடுதலை நாள் வந்தாலே ஒரு குரூப் கிளம்பிடும். "அது என்ன பெரிய புரட்சி? வரி கட்ட மனசு வராத வியாபாரிங்க பண்ணின கலாட்டா" என்பார்கள்.

தோழர்களே, ரெண்டு நிமிஷம் ஒதுக்கிப் படிங்க.

1763-ல் ஏழாண்டுப் போர் முடிந்தபோது பிரிட்டன் கழுத்தளவு கடனில் நின்றது. "உங்க பாதுகாப்புக்கும்தானே செலவு பண்ணோம், நீங்களும் கொடுங்க" என்று 1765-ல் முத்திரைச் சட்டத்தைக் கொண்டு வந்தது. பத்திரிகை, பத்திரம், சீட்டுக்கட்டு வரைக்கும் வரி.

நியாயமாத்தானே கேட்டாங்கன்னு தோணும். பிரிட்டனில் இருந்தவன் கட்டிய வரி, அமெரிக்காவில் குடியேறியவன் கட்டியதை விட அதிகம்தான். அதை நாம மறைக்க வேண்டியதில்லை.

ஆனா கேள்வி அது இல்ல. அந்தக் குடியேற்றங்களுக்கு சொந்த சட்டமன்றங்கள் இருந்தன. வர்ஜீனியாவில் 1619-லேயே மன்றம் கூடிவிட்டது. அவற்றைக் கேட்காமல், அமெரிக்காவுக்கு ஒரு உறுப்பினர்கூட இல்லாத லண்டன் நாடாளுமன்றம் முடிவு எடுத்தது.

"மான்செஸ்டருக்கும்தான் தனி எம்.பி. இல்ல, அவன் கட்டலையா?" இது அன்றைய ஆட்சியாளர்களின் வாதம். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் மான்செஸ்டர்காரன் மேல் வரி போடும் எம்.பி. அதே வரியைத் தானும் கட்டணும். அமெரிக்காக்காரன் மேல் போட்டால்? எம்.பி.யின் சுமை குறையும்! அடுத்தவன் சட்டைப் பையில் கை விடுறவனுக்கு என்ன வலி?

எதிர்ப்பு வலுத்ததும் 1766-ல் சட்டத்தை வாபஸ் வாங்கினார்கள். கையோடு இன்னொரு சட்டம் போட்டார்கள்: எந்த விஷயத்திலும் உங்களைக் கட்டுப்படுத்த எங்களுக்கு அதிகாரம் உண்டு! பணத்தை விட்டாங்க. அதிகாரத்தை விடல.

அடுத்து 1773 தேயிலைச் சட்டம். நம்ம மண்ணைச் சுரண்டிய அதே கிழக்கிந்தியக் கம்பெனியைக் காப்பாற்ற வந்தது. டீ விலை குறைஞ்சது. ஆனா பவுண்டுக்கு 3 பென்ஸ் வரி அப்படியே நின்றது. டிசம்பர் 16 இரவு, பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டி தேயிலை கடலுக்குப் போச்சு. கடத்தல் டீ வியாபாரிகளுக்கு இதில் சுயநலம் இருந்தது, உண்மை. ஆனா ஊரே காசுக்காக மட்டும் நின்றிருந்தா, மலிவு டீயை வாங்கிக் குடிச்சிட்டுப் போயிருக்குமே?

இன்னொரு உண்மையும் சொல்லணும். சுதந்திரம் பேசியவர்களே கறுப்பின மக்களை அடிமையாக வைத்திருந்தார்கள், பூர்வகுடிகளின் நிலத்தைப் பறித்தார்கள். இன்றைக்கும் வாஷிங்டன் டி.சி. மக்கள் கூட்டாட்சி அரசுக்கு வரி கட்டுகிறார்கள். நாடாளுமன்றத்தில் வாக்களிக்கும் உறுப்பினர் அவர்களுக்கு இல்லை. 2000 முதல் அந்த வேதனையை வண்டி நம்பர் பிளேட்டிலேயே எழுதி வெச்சிருக்காங்க. இதெல்லாம் அந்தக் கொள்கை தப்புன்னு காட்டல. சொன்னவங்களே அதை முழுசா கடைப்பிடிக்கலன்னுதான் காட்டுது.

வரி கட்டுறது கடமை. யார் போடுறா, எதுக்குப் போடுறா, முடிவெடுக்கும் இடத்தில் நம்ம ஆள் இருக்கானான்னு கேட்கிறது உரிமை. அப்படிக் கேட்டவனை துரோகின்னு சொன்ன பேரரசு, 1783-ல் பாரிஸில் கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பிச்சு.

கேள்வி கேட்டவன் துரோகி இல்ல. பதில் சொல்லாதவன்தான் குற்றவாளி!

#பிரதிநிதி_இல்லாமல்_வரி_இல்லை