மாடத்தியை மாலதி ஆக்கினேன்



போன வாரம் பழைய மாணவி ஒருத்தி போன் பண்ணினாள். அவள் மகள் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் கடைசி வருடம் படிக்கிறாள். மகள் பெயர் முனீஸ்வரி. "கூடப் படிக்கிற பிள்ளைக 'முனி, முனி'ன்னு கேலி பண்ணுதாம் டீச்சர். வேலைக்குப் போறதுக்கு முன்னாடி கெஜட்ல பேரை மாத்தணும்னு அழுகிறா. நீங்களே நல்ல பேரா ஒண்ணு சொல்லுங்க" என்றாள். இரண்டு நாள் யோசித்தேன். அவளுக்குச் சொல்ல வேண்டியதை உங்கள் எல்லோருக்குமாகவே எழுதுகிறேன்.

நம் ஆலங்குளம் பக்கம் கோயிலில் இருப்பது முனீஸ்வரன். அந்த ஆண் பெயருக்குப் பெண் விகுதி போட்டு நம் சனங்கள் ஆக்கிக்கொண்ட பெயர்தான் முனீஸ்வரி. மாடசாமிக்கு மாடத்தி, கருப்பசாமிக்குக் கருப்பாயி, பாண்டிக்குப் பாண்டீஸ்வரி, முருகனுக்கு முருகேஸ்வரி, வேலுக்கு வேலம்மாள், ராமனுக்கு ராமுத்தாய் என்று வைத்தார்கள். கிறிஸ்தவ வீடுகளில் அந்தோணியம்மாள், சவரியம்மாள். முஸ்லிம் வீடுகளில் மைதீன் பீவி. பள்ளிக்கூடப் படியே மிதிக்காத நம் பாட்டிமார் இலக்கணம் தெரியாமலே இந்த இலக்கணத்தைச் சரியாகச் செய்திருக்கிறார்கள்.

"ஆம்பளப் பிள்ளையை எதிர்பார்த்து ஏமாந்து வச்ச பேருதானே டீச்சர்?" என்று சிலர் கேட்கலாம். அப்படி வைத்த பெயர்கள் வேறு. 'வேண்டாம்', 'போதும்பொண்ணு' என்றெல்லாம் பிள்ளைக்குப் பெயர் வைத்த வீடுகள் நம் தமிழ்நாட்டில் உண்டு. அந்தப் பெயர்களை மாற்றத்தான் வேண்டும். மாடத்தியும் முனீஸ்வரியும் அந்தக் கணக்கில் வராது. தாத்தாவின் பெயரையோ குலசாமியின் பெயரையோ பெண்பிள்ளைக்கும் உரிமையாகக் கொடுத்த பெயர் அது.

என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் 'சம்முகத்தா டீச்சர்' என்று கூப்பிட்ட என் முழுப்பெயர் சண்முகத்தாய். நான் பிறப்பதற்கு மூன்று மாதம் முன்னால் தாத்தா சண்முகம் இறந்துபோனார். எங்கள் அப்பத்தா புருஷன் பெயரை வாயால் சொல்லாத மனுஷி. அதனால் கடைசிவரை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. 'அய்யா பேருள்ள பிள்ளை' என்பார். திருவிழாவுக்குப் புதுத்துணி எடுத்தால் முதலில் எனக்குத்தான்.

பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 1989இல். தாத்தா பெயரில் பங்கு அதற்கு வெகுகாலம் முன்பே கிடைத்துவிட்டது. 1780இல் சிவகங்கையை மீட்ட ராணியின் பெயர் வேலு நாச்சியார். எம்.எஸ். சுப்புலட்சுமியின் அம்மா, மதுரை வீணைக் கலைஞர் சண்முகவடிவு. நிலமில்லாத பெண்களுக்கு நிலம் வாங்கிக்கொடுத்து 2020இல் பத்மபூஷண் பெற்றவர் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன். மூன்று பெயருக்குள்ளும் ஒரு ஆண் பெயர் இருக்கிறது. அதனால் அவர்களுக்கு என்ன குறைந்துவிட்டது?

இவ்வளவு பேசுகிற நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒன்றாம் வகுப்புச் சேர்க்கைக்கு ஒரு தீப்பெட்டி ஆபீஸ் தொழிலாளி மகளைக் கூட்டிவந்தார். பெயர் மாடத்தி என்றார். 'நாளைக்குப் பிள்ளை கஷ்டப்படுமே' என்று நானாக ரிஜிஸ்டரில் மாலதி என்று எழுதினேன். எழுத்து வாசிக்கத் தெரியாத அவர், டீச்சர் செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்று கைநாட்டு வைத்துவிட்டுப் போனார்.

நான் ரிட்டயர் ஆகும் சமயத்தில் அவள் என்னைத் தேடி வந்தாள். பட்டாசு ஆலையில் வேலை பார்த்தவள். ரேஷன் கார்டில் மாடத்தி, பள்ளிச் சான்றிதழில் மாலதி. பி.எஃப். பணம் எடுக்க முடியாமல் அலைந்துகொண்டிருந்தாள். இருவரும் ஒரே ஆள்தான் என்று நானே கூடப் போய் எழுதிக்கொடுத்தேன். திரும்பும்போது பஸ்ஸில், "எங்க அய்யா சாகுறவரைக்கும் மாடத்தின்னுதான் டீச்சர் கூப்பிட்டாரு. மாலதி யாருன்னே அவருக்குத் தெரியாது" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

முனீஸ்வரி கண்ணு, நீ மேஜர். பெயரை மாற்றுவது உன் உரிமை, நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் கேலி பண்ணுகிறவர்களுக்குப் பயந்து மாற்றாதே. விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை ஊருக்கு வந்து, இந்தப் பெயரை ஏன் வைத்தார்கள் என்று உன் அப்பத்தாவிடம் கேள். கேட்ட பிறகும் பிடிக்கவில்லையென்றால் தாராளமாக மாற்று. நல்ல பெயராக நானே சொல்கிறேன். ஒருமுறை நான் யாரையும் கேட்காமல் மாற்றிவிட்டேன். நீயாவது கேட்டுவிட்டுச் செய்.

உங்கள் வீடுகளில் இப்படி என்னென்ன பெயர்கள் இருக்கின்றன, யார் நினைவாக வைத்தார்கள் என்று கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் வாசிப்பேன்.

அன்புடன்,
உங்கள் சண்முகத்தாய் டீச்சர், ஆலங்குளம்