மூன்றாம் மாடியிலும் வெள்ளம்!

ஐயப்பன்தாங்கலில் மூன்றாம் மாடியில் குடியிருக்கிறாள் என் அத்தை. "முழங்கால் வலியோடு இத்தனை படி ஏற வேண்டுமா, அத்தை?" என்று கேட்டால், "நான் ஏறிவிட்டுப் போகிறேன். தண்ணீர் ஏறாதே!" என்பாள்.

அவள் பயத்துக்குக் காரணம் உண்டு. 2015 டிசம்பர் முதல் வாரத்துப் பேய்மழையில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறந்துவிட்டார்கள். அடையாறு பெருகி மணப்பாக்கம், முகலிவாக்கம் வீடுகளுக்குள் புகுந்தது. அப்போது அத்தை முகலிவாக்கத்தில் தரைத்தளத்தில் இருந்தாள். உயிர் தப்பினால் போதுமென்று மொட்டை மாடிக்கு ஓடினாள். வெள்ளம் வடிந்தபின் பார்த்தால், பீரோவின் அடித்தட்டிலிருந்த கல்யாண ஆல்பம் சேற்றில் ஊறி, தாளோடு தாள் ஒட்டிக்கிடந்தது. பிரித்தபோது முகங்கள் உரிந்து வந்துவிட்டன.

"இனி ஆல்பமே வேண்டாம்" என்று தீர்மானித்து, அதன்பின் எடுத்த படங்களையெல்லாம் செல்போனிலேயே சேர்த்துவைத்தாள். மாமா காலமாவதற்கு முந்திய தீபாவளியன்று பேத்தியை மடியில் வைத்துச் சிரிக்கும் படமும் அதில்தான் இருந்தது.

சென்ற மாதம் ஒரு நாள் காலையில் செல்போன் கண் திறக்கவில்லை. ரிப்பேர்க்காரர் உதட்டைப் பிதுக்கிவிட்டார். மூன்றாம் மாடிக்கும் வெள்ளம் வந்துவிட்டது!

நல்ல வேளை, தீபாவளிப் படத்தைத் திருச்சியிலுள்ள மகளுக்கு வாட்ஸப்பில் அனுப்பியிருந்தாள். பெரிதாக்கிச் சட்டம் போடலாமென்று பார்த்தால், மாமாவின் முகம் கலங்கிப்போயிற்று. வாட்ஸப் சாதாரணமாகப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். 'டாக்குமெண்ட்' என்று அனுப்பினால்தான் அசல் அப்படியே போகும். அத்தைக்கு அது தெரியாது.

பிரதியில்லாமல் நாம் இழந்தவை கொஞ்சமா? 1931-ல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும் படம் 'காளிதாஸ்'. இன்று பார்க்க ஒரு பிரதிகூட இல்லை. 1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களோடு, வேறெங்கும் கிடைக்காத ஏட்டுச்சுவடிகளும் சாம்பலாயின.

சகோதரிகளே, புகைப்படக்காரர்கள் கடைப்பிடிக்கும் கணக்கு ஒன்று உண்டு: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். செல்போனில் ஒன்று இருக்கட்டும். ஹார்டு டிஸ்க்கில் இன்னொன்று. மூன்றாவது, கூகிள் போட்டோஸ் போன்ற இணையக் கிடங்கில். அங்கே மெயிலும் மற்றவையும் சேர்த்து 15 ஜிபி வரை இலவசம்.

ஓர் எச்சரிக்கை! போனில் இடமில்லையென்று கூகிள் போட்டோஸுக்குள் போய்ப் படத்தை அழித்தால், கிடங்கிலிருந்தும் போய்விடும். அங்கே சேமித்த படமானால் குப்பைக்கூடையில் 60 நாள் இருக்கும். அதற்குள் மீட்டால் உண்டு. ஆகையால் கிடங்கை மட்டும் நம்ப வேண்டாம்.

எடுத்துவைத்தால் மட்டும் போதாது. ஊறுகாய் ஜாடியை அவ்வப்போது திறந்து பார்க்கிறோம் அல்லவா? டிஸ்க்கையும் அப்படித் திறந்து, படங்கள் தெரிகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஆயுத பூஜைக்கு எல்லாவற்றுக்கும் பொட்டு வைக்கிற நாளில் இதையும் செய்துவிடலாம்.

அத்தை இப்போது இரண்டு டிஸ்க் வாங்கியிருக்கிறாள். ஒன்று ஐயப்பன்தாங்கலில், மற்றொன்று திருச்சியில் மகள் வீட்டில். "காவிரியில் வெள்ளம் வந்தால் என்ன செய்வாய், அத்தை?" என்று கேட்டேன்.

"போடி! காவிரியும் அடையாறும் பேசிவைத்துக்கொண்டா பெருகும்?" என்றாள்.