கியர்ப் பெட்டி எண்ணெயும் சேற்றுழவும்

டிராக்டர் வைத்திருக்கும் குடியானவர்களில் பெரும்பாலோர் எஞ்சின் எண்ணெயைக் காலந்தவறாது மாற்றி வருகின்றனர். கியர்ப் பெட்டி எண்ணெயிடத்து அத்தகைய சிரத்தையைக் காணோம். எஞ்சினில் கரி கலந்து எண்ணெய் கறுப்பதால் அதன் கேடு கண்ணுக்குத் தெரிகிறது. கியர்ப் பெட்டியில் எரிவது யாதொன்றும் இல்லை. ஆகவே அவ்வெண்ணெய் கெடுவதற்கில்லை என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. நன்செயில் சேறடிப்போருக்கு இவ்வெண்ணம் மிக்க நஷ்டத்தை விளைவிப்பதாகும்.

பல டிராக்டர்களுக்கு 1,000 மணி நேர வேலைக்கு ஒருமுறை இவ்வெண்ணெயை மாற்றுமாறு கைப்புத்தகங்கள் கூறுகின்றன. புன்செய் உழவுக்கு இக்கணக்கு பொருந்தும். சேற்றுழவுக்கு மணிக்கணக்கை மட்டும் நம்பியிருத்தல் தகாது என்பது எமது அபிப்பிராயம். உழைத்துச் சூடேறிய பெட்டி, அச்சு முழுகும் சேற்றில் இறங்கியதும் குளிர்கிறது; உள்ளிருக்கும் காற்று சுருங்குகிறது. காற்றுத் துவாரம் சேற்றால் அடைபட்டிருப்பின், தேய்ந்த சீல்களின் வழியாய் நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். நீர் கலந்த எண்ணெய் மோர்போல் வெளுக்கும். அது பற்களுக்கிடையே வழுவழுப்பைக் காக்காது. பேரிங்குகள் துருவேறித் தேயும்.

இதனைக் கண்டறிவது எளிது. டிராக்டரைச் சமதரையில் ஓர் இரவு நிறுத்துக. காலையில் முதற்கண் அளவுக் கம்பியை எடுத்து எண்ணெயின் மட்டத்தையும் நிறத்தையும் பார்க்க. பின்னர் அடித் திருகைச் சிறிதே தளர்த்தி, கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் பிடிக்க. தனித்து நிற்கும் நீர் அடியில் தங்குமாதலால் முதலில் அதுவே வரும். ஐயமிருப்பின், சூடான இரும்புத் தகட்டில் ஓரிரு துளி விட்டுச் சற்று விலகி நிற்க. நீர் கலந்திருந்தால் படபடவென வெடிக்கும்.

"30 லிட்டருக்கு மேல் பிடிக்கும் எண்ணெயைப் போகந்தோறும் மாற்றக் கட்டுமா?" என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வியே. போகந்தோறும் மாற்றும்படி யாம் கூறவில்லை. சேறடிப்பு முடிந்ததும் சோதிக்கும்படியே கூறுகிறோம். சோதனைக்குச் செலவில்லை. எண்ணெய் வெளுத்திருந்தால் மட்டும், மணிக்கணக்கைப் பாராது மாற்றிவிடல் வேண்டும். நீர் புகுந்த சீலையும் உடன் மாற்றாவிடில் புது எண்ணெயும் வீணே. மாற்றுங்கால் எண்ணெய் சூடாயிருக்கையில் வடித்தால் கசடும் உடன் வெளியேறும். அடித் திருகில் காந்தம் இருப்பின், அதில் மாவு போன்ற இரும்புத் துகள் ஒட்டியிருப்பது இயல்பு. சில்லுகள் இருப்பின் உடனே மெக்கானிக்கிடம் காட்டுக.

எண்ணெயைத் தேர்வதிலும் கவனம் தேவை. கியர், லிஃப்ட், எண்ணெயில் மூழ்கிய பிரேக் ஆகிய மூன்றும் ஒரே எண்ணெயில் இயங்கும் டிராக்டர்கள் பல உள. அவற்றில் லாரிக்கு வாங்கும் கியர் எண்ணெயை ஊற்றினால் பிரேக் அதிர்ந்து சப்தமிடும், லிஃப்டும் மந்தப்படும். கைப்புத்தகம் குறிக்கும் ரகத்தையே வாங்குக.

வடித்த எண்ணெயை வாய்க்காலிலோ வரப்போரத்திலோ கொட்டாது, கலத்தில் சேர்த்துப் பழைய எண்ணெய் வாங்குவோரிடம் சேர்ப்பிக்க. வாடகைக்கு உழும் டிராக்டர்களின் சொந்தக்காரர் இவற்றை முக்கியமாய்க் கவனிப்பாராக. நடவுக் காலத்தில் ஒரு கியர்ப் பெட்டி உடைந்தால், அவர் ஒருவருக்கன்று, அவரை எதிர்பார்த்து நாற்றங்காலை வளர்த்து நிற்கும் குடியானவர் பலருக்கும் நஷ்டமாம்.