பிள்ளையை யாரிடம் விட்டுப் போவது?

வள்ளியூர்ப் பக்கத்து ஊர்களில் விடியற்காலையில் தெருமுனையில் நின்று பாருங்கள். களையெடுக்கப் போகும் பெண்களை ஏற்றிச் செல்ல வேன் வந்து நிற்கும். மில்லுக்குப் போகிறவர்களுக்கு வேறொரு வண்டி. ஒரு கையில் தூக்குச்சட்டி, இடுப்பில் கைப்பிள்ளை. வண்டியில் கால் வைக்கும் முன் அந்தப் பிள்ளை வேறொரு கைக்கு மாறியாக வேண்டும். மாமியார் இருந்தால் மாமியார் கை. இல்லாவிட்டால் பக்கத்து வீட்டு ஆச்சி. அதுவும் இல்லையென்றால் எட்டு வயது மூத்த மகள். அந்தச் சிறுமி அன்றைக்குப் பள்ளிக்கூடம் போகமாட்டாள்.

இது வீட்டு விஷயம், பெண்கள் பாடு, இதற்கெல்லாம் பத்திரிகையில் ஏன் இடம் என்று சில தோழர்கள் கேட்கலாம். கூலி உயர்வுக்குக் கூட்டம் போடுகிறோம், போனசுக்கு ஊர்வலம் போகிறோம். பிள்ளையை விட இடமில்லாமல் மாதத்தில் பாதி நாள் வேலையை விட்டு நிற்கும் பெண்ணுக்கு அந்த உயர்ந்த கூலி எந்தக் கணக்கில் வந்து சேரும்? ஒரு காலத்தில் வார விடுமுறையும் முதலாளி பார்த்துக் கொடுக்கிற தர்மமாகத்தான் இருந்தது. 1908-இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் துணை நிற்க வேலை நிறுத்தம் செய்த பிறகுதான் அது உரிமையாயிற்று.

சட்டம் இல்லாமல் இல்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் பிள்ளைகளுக்குத் தனி அறை வேண்டும் என்றது. முதலில் ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலைக்கு என்று இருந்ததை 1976-இல் முப்பது என்று குறைத்தார்கள். பேறுகால உதவிச் சட்டத்தில் 2017-இல் செய்த திருத்தம், ஐம்பது பேர் வேலை செய்யும் எந்த நிறுவனத்திலும் காப்பகம் இருக்க வேண்டும், தாய் நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்றது. 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்த விதி இருக்கிறது. உங்கள் மில்லில் அப்படி ஒரு அறை இருக்கிறதா? இருந்தால் அதில் பிள்ளை கிடக்கிறதா, பழைய பஞ்சு மூட்டை கிடக்கிறதா?

ஆனால் வயலுக்கும் செங்கல் சூளைக்கும் போகிறவளை இந்தச் சட்டங்கள் எட்டுவதில்லை. பீடித் தொழிலாளர்களுக்கென்று 1966-இல் தனிச் சட்டமே வந்தது. அதிலும் காப்பகம் இருந்தது, ஆனால் பீடிக் கம்பெனிக் கட்டடத்துக்குள்தான். நம் மாவட்டத்தில் பீடி சுற்றப்படுவது வீட்டுத் திண்ணையில். சட்டம் திண்ணை ஏறவில்லை. 2005-ஆம் ஆண்டு வேலை உறுதிச் சட்டம் வந்தபோது, வேலைத்தலத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஐந்து பேர் வந்தால் ஒரு பெண்ணைப் பார்த்துக்கொள்ள வைத்து அவளுக்கும் கூலி தர வேண்டும் என்று எழுதினார்கள். நல்ல ஏற்பாடு. வெயிலில் கருவேலமரத்தடியில் சேலைத் தொட்டில் கட்டிய தாய்மாரைக் கேட்டால் அது எவ்வளவு தூரம் நடந்தது என்று சொல்வார்கள்.

அங்கன்வாடி இருக்கிறதே என்பார்கள். 1975 அக்டோபர் 2-இல் தொடங்கிய திட்டம் அது. 1982-இல் தமிழ்நாட்டில் சத்துணவும் வந்தது. நம் பிள்ளைகள் அதனால் பிழைத்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் கைப்பிள்ளையை நாள் முழுதும் வைத்துப் பார்க்க ஏற்பட்ட இடம் அல்ல அது. வேலைக்குப் போன தாய் திரும்புமுன் கதவு பூட்டப்படுகிறது.

ஆகவே இன்றைக்கு நம் பெண்களுக்கு மிஞ்சுவது பக்கத்து வீடுதான். அப்படியானால் அந்த வீட்டைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். ‘யாரோ ஒருத்தி பார்த்துக்கொள்வாள்’ என்று விட்டுப் போகிற காரியமல்ல.

சொல்லி வைத்துப் போகாதீர்கள். பகல் பதினோரு மணிக்கு, சோறு வேகும் நேரத்தில் போய் நில்லுங்கள். அடுப்பு எங்கே, பிள்ளை எங்கே என்று பாருங்கள். 2004 ஜூலை 16-இல் கும்பகோணத்துப் பள்ளிக்கூடத்தில் சமையற்கூடத்துத் தீ ஓலைக் கூரைக்கு ஏறி 94 பிள்ளைகளைக் கொண்டுபோனது. அது பள்ளிக்கூடம், நம் வீடுகளில் அடுப்புக்கும் பாய்க்கும் நாலடி தூரம்கூட இல்லை. அடுத்தது தண்ணீர். குளத்தையும் கிணற்றையும் எல்லோரும் யோசிப்பார்கள், வாளியை யோசிப்பதில்லை. தவழும் பிள்ளை தலைகுப்புற விழுந்தால் அரை வாளித் தண்ணீர் போதும்.

பீடி சுற்றுகிற வீடு என்றால் இன்னொன்று. சுளகைச் சுற்றித்தான் பிள்ளைகள் தவழும். புகையிலைத் தூள் தரையில் சிந்திக் கிடக்கும், பிள்ளை கையில் அகப்பட்டதை வாயில் வைக்கும். அது விஷம். அந்த அக்காளும் பிழைப்புக்காகத்தான் சுற்றுகிறாள், அவளைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் சுளகு ஒரு அறையிலும் பிள்ளை ஒரு அறையிலும் இருக்க வழியில்லாத வீட்டில் கைப்பிள்ளையை விடவேண்டாம்.

பிள்ளை அங்கே எப்படித் தூங்குகிறது என்றும் கேளுங்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் பம்பாய் மில்களுக்குப் போன தாய்மார்கள் பிள்ளைக்கு அபினி உருண்டை கொடுத்துத் தூங்கவைத்துப் போனார்கள். கல்நெஞ்சு அல்ல, வேறு வழி இல்லை. இன்றைக்கு அபினி போய் இருமல் மருந்து வந்திருக்கிறது. 2025-இல் மத்தியப் பிரதேசத்துச் சிந்துவாராப் பக்கம் இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் விஷம் கலந்த இருமல் மருந்தால் இறந்தார்கள். அதைத் தயாரித்தது நம் காஞ்சிபுரம் மாவட்டத்துக் கம்பெனி. டாக்டர் எழுதாமல் ஒரு சொட்டு மருந்தும் கொடுக்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். சாயங்காலம் தூக்கும்போது பிள்ளை தினமும் துவண்டு கிடந்தால் சும்மா விடாதீர்கள்.

எத்தனை பிள்ளைகள் என்று எண்ணுங்கள். பிரான்சு தேசத்தில் வீட்டில் வைத்துப் பிள்ளை பார்க்கும் பெண்ணுக்கு சர்க்கார் அனுமதிச் சீட்டு வேண்டும். ஒரே நேரத்தில் பொதுவாக நான்கு பேருக்கு மேல் கூடாது. ஓர் ஆச்சியிடம் ஒன்பது பிள்ளைகள் இருந்தால், அவள் எவ்வளவு நல்லவளாக இருந்தாலும் கைகள் இரண்டுதான்.

அந்த வீட்டுக்கு யார் யார் வந்து போகிறார்கள், குடித்துவிட்டு வருகிற ஆண் உண்டா என்று விசாரிக்க வெட்கப்பட வேண்டியதில்லை. காலையில் விடும்போது எந்தப் பிள்ளையும் அழும், அது பெரிதல்ல. மாதம் கடந்தும் ஓர் ஆளைக் கண்டால் மட்டும் பிள்ளை ஒடுங்கினால் அன்றே தூக்கிவிடுங்கள். குழந்தைகள் உதவிக்கு 1098 என்று ஒரு எண் இருக்கிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். ‘அந்தத் தெருப் பிள்ளை’ என்று ஒரு பிள்ளைக்குத் தனிக் குவளை வைக்கிற வீடு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அங்கே நம் பிள்ளை எதுவும் போகக்கூடாது. குவளை யாருக்குத் தனியாக வைக்கப்பட்டதோ அந்தப் பிள்ளை மட்டுமல்ல, பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற பிள்ளையும்தான்.

இவ்வளவும் கேட்கிறோமே, அந்த ஆச்சிக்கு என்ன கொடுக்கிறோம்? வெற்றிலைக்குக் காசும் தீபாவளிக்குச் சேலையும். பிள்ளை பார்ப்பது வேலை இல்லையா? ‘பாசத்துக்குச் செய்கிறாள்’ என்பது கூலி கொடுக்க மனமில்லாதவர்கள் பேச்சு. அதே பேச்சைத்தான் சர்க்காரும் அங்கன்வாடி ஊழியர்களிடம் பேசுகிறது. சம்பளம் என்று சொல்லாமல் மதிப்பூதியம் என்கிறது. அவர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று 2022 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு சொல்ல வேண்டியிருந்தது. கொலம்பியாவில் 1980-களின் பிற்பகுதியிலிருந்து ஏழைப் பெண்கள் தங்கள் வீடுகளிலேயே பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளைச் சர்க்கார் திட்டத்தில் பார்த்துவந்தார்கள். ‘சமூகத் தாய்மார்’ என்று பட்டம் கிடைத்தது, சம்பளம் கிடைக்கவில்லை. பல வருஷம் போராடி 2014-இல்தான் குறைந்தபட்சக் கூலி பெற்றார்கள். நாமும் நாலைந்து குடும்பம் சேர்ந்து, ஒரு பெண்ணுக்கு நாள் கூலிக்குக் குறையாமல் கொடுக்க ஏற்பாடு செய்யலாம். களத்து மேட்டுக் கணக்குப் போடத் தெரிந்த நமக்கு இது பெரிய கணக்கல்ல.

ஆனால் முழுச் சுமையையும் கூலிக்காரர் தலையில் கட்டிவிட்டு சர்க்கார் ஒதுங்க விடக்கூடாது. 2022 முதல் ‘பால்னா’ என்ற மத்திய சர்க்கார் திட்டம் இருக்கிறது. அங்கன்வாடியோடு காப்பகம் சேர்த்து, ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை உள்ள பிள்ளைகளை மாதம் 26 நாள், நாளைக்கு ஏழரை மணி நேரம் பார்க்க வேண்டும். 25 பிள்ளைகளுக்கு ஓர் ஊழியர், ஓர் உதவியாளர். ஏழரை மணி நேரம் போதாது. வேனில் போய் வரும் நேரத்தையும் சேர்த்தால் களையெடுப்பவளுக்கு அதற்கு மேல் ஆகிறது. அதையும் சேர்த்தே கேட்போம்.

மே முதல் தேதி கிராமசபை கூடும். வள்ளியூரைச் சுற்றியுள்ள ஊராட்சிகளில் விவசாயத் தொழிலாளர், பீடித் தொழிலாளர் சங்கத் தோழர்கள் அதற்குள் தெருத்தெருவாக எழுதிவிட வேண்டும்: ஆறு வயதுக்குக் கீழே எத்தனை பிள்ளைகள், தாய் எத்தனை மணிக்குப் போகிறாள், எத்தனை மணிக்கு வருகிறாள், பகலில் பிள்ளை யாரிடம். அந்தப் பட்டியலோடு தாய்மார்களே எழுந்து பேசட்டும். கைப்பிள்ளையை வீட்டில் விட்டு வரவேண்டாம், இடுப்பிலேயே இருக்கட்டும். தீர்மானம் வாசிக்கும்போது அது அழுதால் தலைவர் சற்று நிறுத்தி வாசிப்பார்.