தாயின் மடியே முதல் மருந்து



பிறந்த ஓரிரு நாளில் ஒரு சிசு நடுங்குகிறது, வீறிட்டு அழுகிறது, உறக்கம் கொள்ள மறுக்கிறது. கருவில் தாய் வழியே கிடைத்துவந்த அபின் வகை மருந்து பிறப்போடு நின்றுபோனதன் துன்பமே இது. அதனைப் ‘போதைக் குழந்தை’ என்று இகழ்வது எவ்வளவு பெரிய அநீதி!

அமெரிக்காவில் இத்தகைய சிசுக்களைத் தாயினின்றும் பிரித்து, மார்ஃபின் கொடுத்துத் தேற்றுவது நெடுநாளைய வழக்கம். செவிலியரின் சுடுசொல்லுக்கு அஞ்சித் தாயும் ஒதுங்கி நின்றாள். இத்தனைக்கும், அத்தாய்மாருள் பலர் மருத்துவர் ஆலோசனைப்படியே மெத்தடோன் உட்கொள்பவர்கள். கருவுற்ற காலத்தில் அதைத் திடீரென நிறுத்துதல் ஆபத்தானது.

அந்நாட்டின் 26 மருத்துவமனைகளில் நடந்த ஆய்வொன்று 2023இல் வெளியாயிற்று. சிசு உண்கிறதா, உறங்குகிறதா, அணைத்தால் அமைதியுறுகிறதா என்று மட்டும் நோக்கி, தாயின் அணைப்பையும் அமைதியான அறையையும் முதலில் அளித்தனர். மருந்து தேவைப்பட்ட சிசுக்கள் நூற்றுக்கு 52இலிருந்து 20ஆகக் குறைந்தன. வீடு திரும்பத் தகுதிபெறும் காலம் சுமார் 15 நாட்களிலிருந்து 8 நாட்களாகச் சுருங்கியது.

சிந்தியுங்கள்! தாயின் மடியே முதல் மருந்தெனில், அவளை விரட்டும் கடுஞ்சொல் யாருடைய மருந்தைப் பறிக்கிறது? செவிலியர் பணி ஏற்கும் நம் பெண்மக்கள் இதனை உள்ளத்தில் இருத்துவார்களாக!